மாமாவுக்கு வறுத்த காளான்

மென்றுகொண்டிருந்த மாமாவின் தாடை சட்டென்று நின்றது. காளானைக் கல்லில் போடும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தட்டில் சோறும் ரசமும் வைத்து, ஓரத்தில் விரல் தடிமனுக்கு அறுத்த நாலு துண்டுகளை வைத்திருந்தேன். மேலே கருகல் நிறம், உள்ளே நார்நாராகப் பிரியும் பழுப்பு. மிளகும் கல்பாசியும் சேர்ந்து வாசல்வரை மணத்தது. முதல் துண்டை வாயில் போட்டவர் இரண்டு முறை மென்றார், நிறுத்தினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் மாமனார் மருமகளை அப்படி நேருக்கு நேர் பார்ப்பது வழக்கமில்லை. "இது என்னத்தா?" என்றார். "காளான் மாமா" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் என் குரல் பொய் சொல்கிறவள் குரலாகத்தான் எனக்கே கேட்டது.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. விருதுநகர் பக்கத்து மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்டுக் காலம் தள்ளியவர். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து, எங்களுக்குக் கல்யாணமாகி, நானும் வயரிங் கம்பெனி ஒன்றில் சேர்ந்த பிறகும் அவர் ஊரைவிட்டு அசையவில்லை. "அங்கிட்டு வந்தா குளிர்ல வெரச்சுப் போவேன்" என்பார். மனிதருக்குக் கறி என்றால் உயிர். நாங்கள் ஊருக்குப் போகிற ஞாயிறுகளில் விடிவதற்குள் கறிக்கடை வாசலில் நிற்பார். தொடையில் எந்த இடம், நெஞ்செலும்பில் எவ்வளவு கொழுப்பு என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டி வாங்கிவந்து, எங்கள் யாரையும் அடுப்புப் பக்கம் விடாமல் அவரே சமைப்பார். மற்ற நாளில் நான் வைக்கும் குழம்பு கொதிக்கும்போது வாசலில் உட்கார்ந்தபடியே, "உப்பு பத்தல" என்பார். போய் ருசி பார்த்தால் பத்தாமல்தான் இருக்கும். வாசத்திலேயே உப்பைக் கண்டுபிடிக்கிற மூக்கு.

அப்படிப்பட்டவர் கறியை விட்டது மகனுக்காக. பனி மூடிய ஒரு காலை, முதல் ஷிப்டுக்குப் போன என் வீட்டுக்காரரைப் பெங்களூர் ரோட்டில் லாரி இடித்துப் போட்டது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஊரிலிருந்து கட்டிய வேட்டியோடு கிளம்பி வந்த மாமா, ஆஸ்பத்திரி வராந்தாவில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து குலசாமிக்கு வேண்டிக்கொண்டார். "என் மகன் தன் காலால நடந்து வந்து கிடாயப் பிடிச்சு நிறுத்தட்டும் கருப்பா. அந்தக் கறியத்தான் திம்பேன். அதுவரைக்கும் கவுச்சி தொட மாட்டேன்." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நமக்காக ஒருத்தர் சாமியிடம் பேசிவிட்டார், இனி பயமில்லை என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இவர் இனி நடக்க மாட்டார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்பாகிட்டச் சொல்லாத" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் லைனில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். நானா இப்படி இருந்தேன் என்று இப்போதுகூட ஆச்சரியமாக இருக்கிறது.

மாமா எங்களோடேயே தங்கிவிட்டார். தினமும் காலையில் மகனின் காலுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பார். "பெருவிரல் அசைஞ்சுச்சு, பாத்தியாத்தா?" என்று என்னைக் கூப்பிடுவார். நான் அடுப்படியிலிருந்தே "ஆமா மாமா" என்பேன். ஞாயிறு வந்தால், மகனுக்குத் தெம்பு வேண்டும் என்று கறிக்கடைக்குப் போய் அவரே எலும்பு பார்த்து வாங்குவார், கழுவுவார், சூப்பு வைப்பார். கொதிக்கிற சட்டிக்கு மேலே குனிந்து மூச்சை இழுப்பார். பிறகு மோர் ஊற்றிச் சோற்றைப் பிசைந்து ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். கன்னம் ஒட்டிப்போனது. சட்டை தோளில் நிற்கவில்லை. வெட்டவே போகாத கிடாய்க்காக ஒரு மனிதர் என் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தத் தெரிதலைச் சுமந்துகொண்டு அவருக்கு மோர் ஊற்றுவது பெரிய தண்டனை.

அந்தச் சமயத்தில்தான் கேன்டீனில் உடன் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் காளான் கொத்தைச் சட்டியில் போட்டு, அதன் மேல் இன்னொரு சட்டியை வைத்து அமுக்குகிறார். தண்ணீரெல்லாம் வெளியேறி அது தட்டையாகி, கறித்துண்டு போலவே ஆகிறது. அதற்கு ஸ்டீக் என்று பெயராம். எனக்கு உடனே மாமாவின் முகம்தான் வந்தது. விரதமும் கெடாது, நாக்கும் நிறையும், நானும் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காக யோசித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். என் மனப்பாரம் இறங்க வழி தேடினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

உழவர் சந்தையில் ஜவளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிப்பிக் காளான் கொண்டுவருவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கொட்டகையில் வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறாளாம். முதல் வாரம் உதிரிக் காளானை வாங்கிப் போய்ப் பச்சைத் தண்ணீரில் அலசிக் கல்லில் போட்டேன். வழவழவென்று வெந்து கஞ்சியாகிவிட்டது. அடுத்த வாரம் அவளிடம் சொன்னபோது சிரித்தாள். "அய்யய்யோ, கழுவாதீங்கக்கா. துணிய வெச்சு தொடச்சிடுங்க, போதும். உங்களுக்குன்னா நான் கொத்தோட அறுத்துத் தர்றன்" என்றாள். கொத்து கலையாமல், அடித்தண்டு சேர்ந்தே இருந்தால்தான் உடையாமல் வரும் என்பது அதன் பிறகு புரிந்தது.

இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் விடாமல் காயவைத்து, கொத்தைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு எவர்சில்வர் தட்டு, அதற்கு மேல் தண்ணீர் நிரப்பிய குக்கர். பாரம் ஏற ஏற, காளான் சுர்ரென்று தண்ணீரை விடும். அவசரப்பட்டுத் தூக்கினால் பிய்ந்துவிடும். தண்ணீர்ச் சத்தம் அடங்கிய பிறகு திருப்பிப் போட்டு மறுபடி பாரம். ஒரு சாண் அகலக் கொத்து உள்ளங்கையளவுக்குச் சுருங்கி இறுகும். அப்புறம்தான் மசாலா. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சோம்பு, வரமிளகாய், ஒரு துளி கல்பாசி எல்லாம் அரைத்த விழுதை இண்டு இடுக்கெல்லாம் தடவி, கடலெண்ணெய் விட்டு ஓரம் மொறுமொறுக்கும்வரை முறுகவிட வேண்டும். கொஞ்சம் ஆறவிட்டு நாருக்குக் குறுக்கே கத்தியைப் போட்டால் கறிதான். நாலாவது ஞாயிறு அது கைக்கு வந்தது. அன்றைக்குத்தான் மாமாவின் தட்டில் வைத்தேன்.

காளான் என்று சொன்னதும் அவர் மறுபடி மென்றார். நாலு துண்டும் தீர்ந்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். மறு சோறு கேட்டு எத்தனை காலம்! அடுப்படிக்கு ஓடிவந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் ஒரு கரண்டி கூடவே அள்ளினேன்.

சாயங்காலம் குழாயடியில் மாமா உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மறுபடி மறுபடி கொப்பளித்தார். என்ன மாமா, ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். நிமிராமலேயே சொன்னார். "நீ காளான்தான் போட்ட. தப்பு ஒன்மேல இல்ல. ஆனா என் நாக்கு கறின்னுல்ல நெனச்சுச்சு. நெனச்சு சந்தோசப்பட்டுச்சே ஆத்தா. நான் சாமிக்கு விட்டுக்குடுத்தது அந்த சந்தோசத்தத்தான்." விரதம் என்றால் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர் கணக்கு நாக்கில் இருந்தது. அதுவரை ஒரு நாளும் நான் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவர் ஒரு வேளைச் சோறு மட்டும் தின்ன ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், தான் செய்த பிசகுக்குச் சாமி மகன் காலைத் தண்டித்துவிடக் கூடாது என்றார். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்த உடம்பு. மூன்றாம் நாள் மகனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் எழும்போது தலைசுற்றிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வேலைக்குக் கிளம்பி நின்ற எனக்கு அடக்க முடியவில்லை. "அவரு நடக்க மாட்டாரு மாமா! டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. எந்தக் கிடாயும் வெட்டப் போறதில்ல. யாருக்காக நீங்க இப்படிச் சாகுறீங்க?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கும் தெரியும்ப்பா" என்றார். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. தெருத்தெருவாகத் தேடினேன். பஸ் ஸ்டாண்டிலும் பார்த்தேன். ஊருக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை, எங்காவது விழுந்து கிடக்கக் கூடாதே என்று திண்ணை, மரநிழல் எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். வெயில் சாயும் நேரத்தில் அவரே வந்தார். கையில் ஒரு பை. உள்ளே கொத்தோடு அறுத்த காளான். நான் வாங்குகிற பெண்ணைச் சந்தையில் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"நடந்தா வெட்டுறேன்னுதான் சொன்னேன். நடக்கலைன்னா தின்னுருவேன்னு சொல்லலையே ஆத்தா. அதனால கறி எனக்குக் கடைசிவரைக்கும் கெடையாது" என்றார். பையை என்னிடம் நீட்டினார். "இத வறு. இனிமே சாமிகிட்டக் கேக்க எனக்கு ஒண்ணுமில்ல. பயமில்லாமத் திங்கலாம்."

அதைக் கேட்டபோது வந்த வலி எனக்கு இன்னும் போகவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் "குக்கர்ல தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்து, பாரம் பத்தாது" என்று பேச்சை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர்தான் காளான் வறுத்தார். என்னைவிட நன்றாக வறுத்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விழுதில் ஒரு சொட்டு புளித்தண்ணீர் சேர்த்தால் நார் இளகும் என்று கண்டுபிடித்தது அவர்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. என் வீட்டுக்காரரும் ஆட்டுக்கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று பேரும் ஒரே கல்லில் வெந்ததைத் தின்றோம். மகன் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. விரல் அசைந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

போன வருஷம் மாமா போய்ச் சேர்ந்தார். படுக்கையில் விழாமல், யாருக்கும் தொந்தரவு தராமல் போனார். வருஷம் திரும்பிப் படையல் போட ஊரிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைக்க வேண்டும். "கறி வைக்கணும் அண்ணி. அந்த ஆசையோடதான் எங்கப்பா போயிருக்கும்" என்று அழுதாள். கடைசிவரைக்கும் கிடையாது என்று அவர் வாயால் சொன்னதை நான் எப்படி மீறுவது? காளான்தான் வைப்பேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்தது.

வீட்டிலிருந்தே செய்யப் பழகிக்கொண்ட செல்போன் ரிப்பேரைக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ரெண்டும் வைங்க. கறிய நான் வாங்கியாறேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் சக்கர நாற்காலியில் தெருவில் இறங்கியதே இல்லை. நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சம். கூட வருகிறேன் என்று எழுந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தெருமுனைக் கறிக்கடைக்கு இரண்டு வேகத்தடை தாண்ட வேண்டும். நான் வாசலில் நின்று அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது மடியில் பை, உள்ளங்கை இரண்டும் கறுத்து, சட்டை நனைந்திருந்தது. நெஞ்செலும்பும் தொடையும், மாமா வாங்குவது போலவே கேட்டு வாங்கியிருந்தார்.

கறியும் வெந்தது, காளானும் முறுகியது. வாழையிலையில் நான் காளானை வைத்தேன். கறியை அவரே கரண்டியால் அள்ளி வைத்தார். பிறகு மாமாவின் படத்தைப் பார்த்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். "நடந்து போகலப்பா. உருட்டிக்கிட்டுத்தான் போனேன். ஆனா ஒருத்தரையும் தள்ள விடல, நானேதான் போய் வாங்கியாந்தேன். கருப்பன் இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டான். நீங்க சாப்பிடுங்க."