தென்காசிக்கு இரண்டாவது டீம்

இருபத்தாறு வருடங்களாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அதில் பதினொரு வருடம் எங்கள் ஊர்ப் பெண்கள் பாஸ்கட்பால் டீமுக்குச் செயலாளர். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் சிலர், "உங்க அனுபவத்தை எழுதுங்க சார், எங்களுக்கு உதவும்" என்று கேட்டார்கள். ஜெயித்த கோப்பைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அடுத்த அறையில் என் மகள் கோமதி முழங்காலில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாள். இருபது வயது. கோப்பைகளைப் பற்றி எழுத வரவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

1. டைல்ஸ் கடைக்காரர் வந்த நாள்

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் காதர் அண்ணாச்சி மைதானத்துக்கு வந்தார். குத்துக்கல்வலசையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பல வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் பிராக்டிஸ் நடத்திக்கொண்டிருந்தேன். அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"சார், நம்ம ஊருக்கு இன்னொரு லேடீஸ் டீம் போடலாம்னு இருக்கேன். உங்க டீம் மாதிரியே மாசச் சம்பளம் குடுத்து."

எங்கள் டீமை ஒரு ஜவுளிக்கடை நடத்துகிறது. பெண்களுக்கு மாதச் சம்பளமும் காலேஜ் ஃபீஸும் கொடுத்து, மாநிலம் முழுக்கப் போட்டிகளுக்கு அனுப்புகிறது. சம்பளத்துக்கு ஆடுவதால் எங்கள் அளவில் அது தொழில்முறை டீம்தான். அப்படி இன்னொன்றா?

"ஊர் தாங்காது அண்ணாச்சி" என்றேன்.

"ஏன் தாங்காது?"

விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். லைட் போட்ட கோர்ட் ஒன்றுதான் இருக்கிறது. மேட்ச் பார்க்க வருவது எப்போதும் அதே முகங்கள். நன்றாக ஆடும் பிள்ளைகள் எல்லாம் ஏற்கனவே எங்களிடம். "ஒரு டீயை ரெண்டு கிளாஸ்ல ஊத்துனா ரெண்டு பேருக்கும் தொண்டை நனையாது" என்று முடித்தேன்.

"அப்ப இன்னொரு டீ போடணும் சார். அதுக்குப் போய் கிளாஸைக் குறை சொல்லுதிய" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "துபாய்ல என் ரூம்ல நாலு பிலிப்பைன்காரனுவ. வெள்ளிக்கிழமையானா பந்தத் தூக்கிட்டுப் போயிருவானுவ. ஒரு கார் பார்க்கிங்ல எட்டு டீம் ஆடும். வேடிக்கை பாக்கப் போயி நானும் கிறுக்கனாயிட்டேன். எந்த ஊரு அவனுவளத் தாங்குச்சி? எவனும் தாங்கல. ஆடுனானுவ, அவ்வளவுதான்."

எனக்கு அன்றைக்கு அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது.

2. பன்னிரண்டு பெயர்

போட்டிக்கு அனுப்பும் பட்டியலில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். குற்றால சீசனையொட்டி எங்கள் ஊரில் நடக்கும் டோர்னமென்ட்டுக்கு வைகாசிக் கடைசியில் பட்டியல் எழுதினேன். பதினோரு பெயர் தடையில்லாமல் வந்தது. பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி கீழப்பாவூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளை. இன்னொருத்தி கோமதி. இருவரும் பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் 'கார்டு' இடத்தில் ஆடுகிறவர்கள். கோமதி ஒரு படி மேல். அது எனக்குத் தெரியும். இரண்டு நாள் பேப்பரை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கீழப்பாவூர்ப் பிள்ளையின் பெயரை எழுதினேன்.

'செயலாளர் மகள்' என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று நானாகப் பயந்ததுதான்.

என் மனைவி செல்வி அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஊரு வாய்க்குப் பயந்து பெத்த பிள்ளைய வெளிய உக்கார வச்சிருக்கிய. நல்ல நியாயம்தான். இன்னொரு தோசை வைக்கவா, இல்ல அதையும் ஊரைக் கேட்டுட்டு வைக்கவா?"

கோமதி அழவில்லை. மூன்று நாள் கழித்துக் கேட்டாள். "யப்பா, உங்க டீம்ல பன்னெண்டு பேருக்குத்தான் இடம். பதிமூணாவது ஆளு எங்க போவா?"

"அடுத்த வருஷம் பாப்போம்ட்டி."

"அடுத்த வருஷம் பதிமூணாவதா வேற ஒருத்தி நிப்பா. அவகிட்டயும் இதையே சொல்லுவிய."

மறுநாள், காதர் அண்ணாச்சி அதற்குள் தொடங்கிவிட்டிருந்த டீமில் சேர்ந்துவிட்டாள். அவளோடு சேர்த்து அங்கே மொத்தம் எட்டுப் பேர். காலையில் அவர்கள் கோர்ட்டில் ஓடுவதை ஒருநாள் தள்ளி நின்று பார்த்தேன். ஆய்க்குடிப் பிள்ளை ஒருத்தி, செங்கோட்டைப் பிள்ளை ஒருத்தி, கல்யாணமாகிக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறவள் ஒருத்தி. எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருஷம் பாப்போம்' என்று நான் சொல்லி அனுப்பியவர்கள். எங்கள் ஊரில் ஆட ஆள் இல்லை என்று அண்ணாச்சியிடம் விரல் விட்டு எண்ணியபோது, இவர்களில் ஒருவரைக்கூட நான் எண்ணவில்லை.

3. சாரல்

ஆடி முதல் வாரம். அரையிறுதியில் பழைய டீமும் புது டீமும் மோதின. டோர்னமென்ட் பொறுப்பு என்னுடையது. சாயங்காலம் ஐந்து மணி ஆட்டத்துக்கு நாலரைக்கே கேலரி நிறைந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துண்டோடு ஓரத்தில் நின்றார்கள். இத்தனை கூட்டத்தை இந்த மைதானத்தில் நான் பார்த்ததில்லை. காதர் அண்ணாச்சி தூரத்திலிருந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். 'இப்ப என்ன சொல்லுதிய' என்று அதற்கு அர்த்தம்.

மூன்றாவது குவார்ட்டரில் புது டீம் ஒன்பது பாயின்ட் பின்னால் இருந்தபோது சாரல் விழ ஆரம்பித்தது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாரலுக்கு யாரும் குடை விரிக்க மாட்டோம். கொடியில் கிடக்கும் துணியைக்கூட எடுக்க மாட்டோம். வெயிலும் இருக்கும், சாரலும் இருக்கும், நம் வேலை பாட்டுக்கு நடக்கும். சிமென்ட் கோர்ட்டிலும் அப்படித்தான் ஆடி வந்திருக்கிறோம். பக்கெட்டும் பழைய துணியுமாக நாலு பேர் நிற்பார்கள், டைம் அவுட்டில் துடைத்துவிடுவார்கள்.

அன்றைக்கு ரெஃப்ரியாக மதுரையிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினாள். ஷூ நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், ஃப்ளோர் வழுக்குது. நிப்பாட்டிருவோம்."

"இது சாரல்மா. மழை இல்ல. இப்ப விட்டுரும்."

"சாரல்னாலும் தண்ணிதான சார்?"

மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தரை வழுக்குவது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் ஏற்கனவே தடுமாறியிருந்தார்கள். ஆனால் எங்கள் போட்டி விதிப்படி, ஆட்டம் பாதியில் நின்றால் மறுநாள் முதலிலிருந்து ஆட வேண்டும். ஒன்பது பாயின்ட் பின்னால் இருக்கும் டீமுக்கு அது லாபம். அந்த டீமில் என் மகள். 'மகளுக்காக நிறுத்திட்டாரு' என்று கேலரியில் ஒரு குரல் எழுவதை, அது எழும் முன்பே கேட்டேன்.

"ஆடச் சொல்லுங்கம்மா" என்றேன். துணி போட்டுத் துடைத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டு நிமிடம் இருக்காது. கோமதி பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள். வளையத்துக்கு அடியில் எம்பி லே-அப் போட இடது காலை ஊன்றியபோது பாதம் ஒரு பக்கம் வழுக்க, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியது. பந்து வளையத்துக்குள் விழுந்தது. கூட்டம் கத்தியது. அந்தச் சத்தத்திலும் அவள் "யப்பா" என்றது எனக்குக் கேட்டது.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள். ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, ஆட்டோ ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு எழுந்திருக்கவே வரவில்லை. முதலில் ஓடி வந்தது எதிர் டீமில் ஆடிக்கொண்டிருந்த கீழப்பாவூர்ப் பிள்ளை. தரையில் உட்கார்ந்து கோமதியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "சார், வாங்க சார்" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அதன் பிறகுதான் ஓடினேன்.

4. அதன் பிறகு

முழங்காலுக்குள் ஏசிஎல் என்னும் தசைநார் அறுந்துவிட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன். ஒன்பது மாதமாவது ஆகும், அதற்குப் பின்னும் பழையபடி ஆட முடியுமா என்பதைக் காலே சொல்லும் என்றார் டாக்டர். நான் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். இன்றும் என்னால் விசிலை வாயில் வைக்க முடியவில்லை. பள்ளியில் கை தட்டிக் கூப்பிட்டுத்தான் பாடம் நடத்துகிறேன்.

காதர் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "டீமைக் கலைச்சிருவியளா?" என்று நானே கேட்டேன்.

"ஒருத்தி விழுந்தா கலைக்கதுக்கு இது என்ன கல்யாணப் பந்தலா? ஏழு பேரு இருக்காவ. இவ வருத வரைக்கும் எட்டாம் நம்பர் இவளுக்குத்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா சார், யாவாரம் எப்படியோ? இந்த வருஷம் நிச்சயம். அடுத்த வருஷம் அல்லா விட்ட வழி" என்றார்.

ஆக, தென்காசி இரண்டாவது டீமைத் தாங்குமா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. அன்று வந்த கூட்டம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க நான் சரியான ஆள் இல்லை என்பது தெரிகிறது. இடம் கிடைத்தவர்களை மட்டும் வைத்து ஊரைக் கணக்குப் போட்டவன் நான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இன்னொன்றும் உண்டு. நடுநிலையும் பயமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எதனால் முடிவெடுத்தோம் என்பது எடுத்தவனுக்குத்தான் தெரியும்.

போன வாரம், வழக்கம்போல் காலையில் கோமதியின் குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டு முழங்காலை மெதுவாக மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்குப் பத்து வரை எண்ண வேண்டும். நான்கு எண்ணியிருப்பேன்.

"யப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னைக்கு நான் ஆடாம இருந்திருந்தா, அந்த ரெஃப்ரி அக்கா சொன்னதும் மேட்ச்ச நிறுத்தியிருப்பியளா?"

ஒரு பொய் வாய் வரை வந்தது.

"நிறுத்தியிருப்பேன்" என்றேன்.

அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப இனிமே என்னைய யாரோ பெத்த பிள்ளைன்னு நெனச்சுக்கிடுங்க. அது போதும் எனக்கு."

எண்ணிக்கொண்டிருந்தது விட்டுப்போயிற்று. வலிக்குமே என்று குதிகாலை விடப் பார்த்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"விட்டுறாதீங்க. அஞ்சு, எண்ணுங்க" என்றாள்.