கூப்பிட வேண்டிய ஆட்கள்

என் சமையலறை இழுப்பறையில் இளஞ்சிவப்புத் தாள் ஒன்று கிடக்கிறது. ஊரை விட்டு வந்து சேர்ந்த இந்தப் பனி நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் பெட்டிகளோடு அனுப்புகிற சீட்டு அது. அதன் பின்பக்கத்தில் மூன்று பட்டியல்கள்: நிற்கிற ஆட்கள், போகிற ஆட்கள், கூப்பிட வேண்டிய ஆட்கள். முதல் இரண்டும் அண்ணையின் கோணல் எழுத்து. மூன்றாவது என்னுடையது.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. பொதி கட்டும் பகுதியில் எதிர்மேசைக்காரர். அங்கே இருந்த தமிழருக்கெல்லாம் அவர் அண்ணைதான். டோர்செட் பார்க் பகுதியில் நாலு பேரோடு ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்து பேஸ்போல் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றபோது அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பிறகு ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போக, அணி சரிந்தது. மற்றவர்கள் கோடையில் ஆட்டம் பார்ப்பார்கள். அண்ணைக்குப் பனி கொட்டுகிற, ஆட்டமே இல்லாத மாரிகாலம்தான் முக்கியம். சாப்பாட்டு அறையில் நான் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துச் சொல்ல, புட்டைக் குழைத்தபடி கேட்பார். எந்த அணியில் யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது, யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம், வளர்ந்துவரும் இரண்டு பெடியளைக் கொடுத்துத் தேர்ந்த ஒருவனை எடுப்பது புத்தியா விசர்வேலையா என்று யோசித்து யோசித்துச் சீட்டின் பின்னால் எழுதுவார். பந்து எது, மட்டை எது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பந்தெறிய ஒரு நல்ல பிச்சர் வந்தால் காணும், மற்றதெல்லாம் தன்பாட்டில் சரிவரும் என்பார்.

அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தா. கலியாணம் முடித்து இரண்டு மாதத்தில் பிரிந்தவர்கள். இங்கே அகதியாக வந்து இறங்கியபோது, அனுப்பிவைத்த ஏஜென்ற் சொல்லிக் கொடுத்தபடி தான் தனியாள் என்று சொல்லிவிட்டார் அண்ணை. தனியாளின் அகதிக் கேஸ் கெதியாக முடியும் என்று அந்த நாட்களில் எல்லோரும் நம்பினோம். கேஸ் வென்று, நிரந்தரமாகத் தங்குவதற்கான படிவம் வந்தபோது அதை நிரப்பியது நான். ஊரில் தட்டெழுத்து வகுப்புக்குப் போனவள் என்று எல்லோருடைய படிவமும் என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் பெருமை, ஏன் பொய் சொல்ல வேண்டும். குடும்பத்தினர் என்ற கட்டத்துக்கு வந்ததும், இப்போதாவது அவவின் பெயரை எழுதுவோமா என்று அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலில் சொன்னதை மாற்றினால் முழுக் கேஸும் பிழைத்துவிடும் என்று எல்லாம் தெரிந்தவள் போலச் சொன்னேன்.

"இப்ப விடுங்கோ அண்ணை. பிறகு கூப்பிடலாம்."

ஒருவரும் இல்லை என்று அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் வடிவாக எழுதினேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு மாரியில் அண்ணை சொன்னது பலித்தது. பேர்பெற்ற பிச்சர் ஒருவன் எங்கள் அணிக்கு வருகிறான் என்று பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தது. சாப்பாட்டு அறையே அண்ணையின் முதுகில் தட்டியது. எல்லோரும் எழுந்து போன பிறகு அவர் ஜக்கெற்றுக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மனைவியைக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதில். நிரந்தரமாகத் தங்கக் கொடுத்த படிவத்தில் காட்டாத மனைவியைக் கூப்பிட முடியாது என்று இருந்தது. வேறு ஏதாவது அர்த்தம் வராதா என்று இரண்டாம் முறையும் வாசித்தேன். வரவில்லை. பிறகு பார்த்த லோயரும் அதையேதான் சொன்னார்.

அண்ணை ஏசவில்லை. ஏசியிருந்தால் அதைக் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பேன். சட்டைப் பையிலிருந்து அந்த இளஞ்சிவப்புச் சீட்டை எடுத்து, மூன்றாவது பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீரே எழுதும் தங்கச்சி. உம்மட எழுத்துத்தான் வடிவு."

குத்திக்காட்டினாரா, உண்மையாகவே எழுத்தைத்தான் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். பிச்சர் முதலில், பிறகு ஐந்தாறு பேர். அவர் நிறுத்தியதும், வாய் தவறிப் பழக்கதோஷத்தில், எந்தப் படிவத்துக்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"வேற ஆரும் இருக்கினமோ அண்ணை?"

அவர் யன்னலுக்கு வெளியே குவிந்து கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு போடும்."

போட்டேன். தாளை என்னிடமே விட்டுவிட்டு அவர் வேலைக்கு எழுந்து போனார்.

அந்தப் பிச்சர் வந்தான், அபாரமாக எறிந்தான். அணி அந்த வருடமும் கடைசியில்தான் வந்தது. அண்ணையின் மனைவி லொட்ஜை விட்டு வவுனியாவுக்குத் திரும்பினா. கடிதங்கள் குறைந்து, பிறகு நின்றன. அடுத்த மாரியில் பேப்பரை விரித்தபோது, வாசிக்க வேண்டாம் என்று அண்ணை கையைக் காட்டினார். தொழிற்சாலை மூடியபின் அவரை நான் காணவில்லை. காணப் பயந்தேன் என்பதே உண்மை.

இப்போது மாரி வந்தால் என் மகன் போனைப் பார்த்து, இந்த முறை யாரை எடுத்தால் அணி நிமிரும் என்று சொல்கிறான். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, அவன் போனதும் இழுப்பறையைத் திறக்கிறேன். தாளின் நிறம் வெளுத்துவிட்டது. அண்ணையின் பென்சில் எழுத்தும் முக்கால்வாசி அழிந்துவிட்டது. நான் பேனையால் எழுதியது மட்டும் அழியவில்லை. கூப்பிட வேண்டிய ஆட்களின் கடைசி வரியில், யாரும் பிழை சொல்ல முடியாத வடிவான எழுத்தில், ஒருவரும் இல்லை என்று இருக்கிறது.