லாபிர் சேரின் வலது கை

பள்ளிவாசல் ஒலிபெருக்கி லாபிர் சேரின் மௌத்தை அறிவித்தபோது நான் பாடசாலைச் சீருடையோடு அடுப்படி மூலையில் குந்தியிருந்தேன். அவருடைய பெயரையும் அவருடைய வாப்பாவின் பெயரையும் சொன்னார்கள். அடக்கம் செய்யும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். எப்படி மௌத்தானார் என்று சொல்லவில்லை. ஊருக்கு அது புதுச் செய்தி. எனக்கு அது ஒரு மணித்தியாலம் பழையது.

உங்களுக்கு அவர் விளையாட்டுப் பாடம் எடுத்த சேர். எனக்கு உம்மாவின் தம்பி. அவரிடம் ஓடவும் பாயவும் பழகிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதை எழுதக்கூடாது. அதனால் எல்லோரும் உறங்கிய பிறகு போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வாப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "நீ அங்க இருக்கல்ல. காய்ச்சல்ல வீட்டுல கிடந்த. ஆர் கேட்டாலும் அதான்." சொல்லும்போது அவருடைய உதடு காய்ந்திருந்தது.

ஓட்டப் போட்டிக்கு இரண்டு பலகைகளை அடித்துச் சத்தம் எழுப்பி அனுப்புவாரே, அது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு முறை பலகையை அடிப்பதுபோல் பாவனை செய்து அடிக்காமல் விட்டார். நாங்கள் ஆறு பேரும் பாய்ந்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா? ஒருக்கா உடம்பு படிச்சிட்டா மறுகா உங்களட்டக் கேக்காது. அதால என்னத்தப் படிப்பிக்கிறம் எண்டு கவனமா இருக்கணும்" என்றார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் எனக்கு எட்டு வயது. மாமா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் என்னைப் பிடித்திருந்தார். சுவர் அந்தக் கையின் தோளில்தான் விழுந்தது. அவர் பிடியை விடவில்லை. பிறகு தோள் பொருந்தியது, விரல்கள் தேறின, பேனையும் பிடித்தார். ஒன்று மட்டும் மாறவில்லை. எங்காவது பெரிய சத்தம் கேட்டால் அந்தக் கை தானாகத் துள்ளி இடுப்புக்குப் போகும். சாரத்துக்கு மேல் அவர் கட்டும், பை வைத்த அகலப் பெல்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பாடசாலைக்குப் போகும் வழியில், பாலத்தடியில், சோதனைச் சாவடி இருந்தது. இடுப்புக்குப் போகும் கையை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அதனால் பழகத் தொடங்கினார். கையைத் தொங்கவிட்டுச் சுவரோரம் நிற்பார். மாமி பின்னால் வந்து, எதிர்பாராத நேரத்தில் சட்டி மூடியைத் தட்டுவார். விரல் துள்ளிய உயரத்தில் நான் சோக்கால் கோடு போட்டு, அளந்து, கொப்பியில் எழுதுவேன். முதல் கோடு அவருடைய விலாவுக்கு நேரே இருந்தது. "உங்கட மாமாட கை திருந்துமோ தெரியா, என்ட மூடியெல்லாம் நெளிஞ்சு போச்சு" என்பார் மாமி. ஒருநாள் கோடு பழையபடி மேலே போனதும் எனக்குக் கோபம் வந்து, கையைப் பார்த்து ஏதோ சொன்னேன். "கைய ஏசாத மகள். அது பயந்திரிக்கி. அளந்து எழுது" என்றார். இடது கையால் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டவும் பழகினார். பதினெட்டு விநாடியில் தொடங்கி ஏழில் நின்றது. அதைவிட வேகம் வேண்டாம் என்றார். வேகமும் ஆபத்து.

வருடக் கணக்காகப் பழகியும் அந்தத் துள்ளல் ஒரு சாணுக்குக் கீழே இறங்கவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்திருந்தால் மட்டும் அது துள்ளாது. அதனால் சாவடியில் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொள்வது என் வேலையானது. பெரிய பிள்ளையாகிவிட்டாய், ரோட்டில் என்ன கைப்பிடி என்று உம்மா முணுமுணுத்தார். மாமா அடுத்த நாளும் சாவடிக்கு முன்னால் வலது கையை என்னிடம் நீட்டினார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன வாரம் அது. சாவடிக் கம்பத்தில் புதுக் கொடி கட்டியிருந்தார்கள். அட்டையைக் கேட்ட ஆமிக்காரனுக்குச் சின்ன வயது. அன்று எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். மாமா இடது கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பாலத்துக் காற்றில் என் முக்காடு நழுவியது. அந்நிய ஆண் முன்னால் நிற்கிறேன். மாமாவைப் பிடித்திருந்த என் கை என்னிடம் கேட்கவில்லை, தலைக்குப் போய்விட்டது. அதே நேரம் பின்னால் வந்த ஓட்டோவில் இருந்தவர்கள் சந்தோசத்தில் சீனவெடி கொளுத்திப் போட்டார்கள். மாமாவின் வலது கை பெல்ட்டுக்குத் துள்ளியது. அந்தப் பையனின் விரலையும் யாரோ பழக்கியிருந்தார்கள். சுட்ட பிறகு அவன் தன் துவக்கைப் பார்த்தான். அது வேறு யாருடைய கையிலோ இருப்பதுபோலப் பார்த்தான்.

மௌத்து வீட்டில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். பெல்ட்டுக்குள் ஏதோ வைத்திருந்தாராம், சும்மா சுடுவார்களா என்றார்கள். கணவனை இழந்த மாமி இத்தா என்று தனித்திருக்கும் அறைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சேலைத் திரைதான். நான் உள்ளே போனபோது மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ கையப் புடிச்சிருந்தியா மகள்?"

"நான் வரல்ல மாமி. காய்ச்சல்" என்றேன்.

அன்று காலை எங்கள் இருவருக்கும் இடியப்பம் கட்டித் தந்து, படலை வரை வந்து வழியனுப்பியவர் அவர். என்னைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டை விட்டார். அதற்குப் பிறகு என்னுடன் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாடசாலையில் சேருக்காகக் கூட்டம் வைக்கிறார்கள். விரும்பிய மாணவர் பேசலாம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். இதை அங்கே வாசிக்க நினைக்கிறேன். அதற்கு முன் மாமியிடம் வாசிக்க வேண்டும். வாசித்தால் வாப்பாவைத் தேடி ஆமி வருமோ என்று நினைத்து இரண்டு தடவை பேனையை மூடி வைத்தேன். ஆனால் உங்கள் சேரின் பெல்ட்டில் பாடசாலைச் சாவியும் நாலு சோக்குத் துண்டும்தான் இருந்தன. அவர் எதையும் எடுக்கப் போகவில்லை. கையை விட்டது நான்.

அவருடைய விநாடிக் கடிகாரமும் அந்தக் கொப்பியும் என்னிடம் இருக்கின்றன. கொப்பியில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன். முக்காட்டை வேண்டுமென்றே நழுவவிட்டு, கைகளை மடியிலேயே வைத்திருக்கப் பழகுகிறேன். முதல் நாள் ஒரு விநாடி. கையை நான் ஏசவில்லை. இன்று பதினொன்று.