டாக்கீஸ் வண்டியில் வந்த புயல்

1991, ஒரகடம் கூட்டுரோடு. மழை வலுத்துவிட்டதால் பஸ் இதற்கு மேல் போகாது என்று எங்களை இறக்கிவிட்டார்கள். ஆரோக்கியம்மாளின் டீக்கடையில் ஒதுங்கி நிற்கிறேன். அவள் வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே இருக்கிறதாம்.

டூரிங் டாக்கீஸ் ஆட்டோ வருகிறது. இந்தப் பக்கம் மைக் கட்டிய வண்டி அது ஒன்றுதான் என்பதால், புயல் எச்சரிக்கையையும் அதிலேயே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். “ஏரிக்கரையோரம் குடியிருப்பவர்கள் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகவும்!” கடையில் ஒருவரும் அசையவில்லை. ஆரோக்கியம்மாள் டீ ஆற்றிக்கொண்டே வண்டிக்காரருக்குக் குரல் கொடுக்கிறாள்.

“இன்னாண்ணா, சாயங்காலம் ஆட்டம் கீதா?”

“இல்லம்மா. கொட்டாயப் பிரிச்சிகினு கீறாங்க.”

உடனே அவள் அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிறாள். மற்றவர்கள் வீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறேன்.

“இன்னா பெரியவரே சிரிப்பு? மைக்கு தெனம் ஆயிரம் சொல்லும். வசூல வுட்டுட்டுக் கொட்டாயப் பிரிக்கிறான்னா நெசமாவே புயலு வருது. நீங்க ரேடியோ கேக்கலியா?”

“காலையிலேயே கேட்டேன்.”

“வூட்டுல ஒண்ணும் சொல்லலியா?”

“போகாதீங்கன்னு சம்சாரம் அழுதா. ரேடியோக்காரன் இப்படித்தான் சொல்லுவான்னு அதட்டிட்டுக் கிளம்பினேன்.” சொல்லும்போதே கூசுகிறது.

“நாங்களாவது ஆட்டம் இல்லன்னா நம்புவோம். பாத்தா படிச்சவராட்டம் கீறீங்க, நீங்க இன்னா சொன்னா நம்புவீங்க?”

கடைக் கம்பத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அவிழ்த்து என் கையில் கொடுக்கிறாள். அதை அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு அவள் பின்னால் நடக்கிறேன். வீட்டில் என் மனைவி ரேடியோவை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள்.