மியூவான் பெட்டிக்கு ஆயுத பூஜை

ஞானமேரி ஒரு ஆளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தால் போதும், அவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று முடிவு கட்டிவிடுவாள். காரிமங்கலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவள் இயற்பியல் பேராசிரியை. அந்தக் கல்லூரியில் அவள் மதித்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. மதிக்கிற மாதிரி அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

கல்லூரியை நடத்துகிற சங்கர் அதற்கு முன் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தவர். ஏலம் கூவின அதே தொண்டையில்தான் ஆண்டு விழாவிலும் பேசுவார். ஆய்வகத்துக்குள் வந்தால், எது பளபளவென்று இருக்கிறதோ அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். பிரின்சிபாலுக்கு அவர் தும்மினாலும் ‘சூப்பர் சார்’ என்று சொல்லத்தான் தெரியும். பிள்ளைகளோ, “மேடம், இது எக்ஸாமுக்கு வருங்களா?” என்பதைத் தவிர வேறு சந்தேகமே வராத மகா ஞானிகள். இந்தக் கும்பலுக்கு நடுவில் உட்கார்ந்து ஞானமேரி மியூவான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மியூவான் என்பது கண்ணுக்குத் தெரியாத துகள். விண்வெளியிலிருந்து வருகிற கதிர்கள் வானத்து உச்சியிலுள்ள காற்றில் மோதும்போது பிறந்து, கூரை, சுவர், மனித உடம்பு எதையும் லட்சியம் செய்யாமல் ஊடுருவிக்கொண்டு கீழே இறங்கும். இப்போதும் நம் உள்ளங்கை வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஞானமேரி ஒரு பெட்டிக்குள் இரண்டு தனிவகை பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். மியூவான் புகுந்து போனால் பலகைக்குள் இம்மியளவு வெளிச்சம் மின்னும். இரண்டும் சேர்ந்தாற்போல் மின்னினால் கருவி ‘ஒன்று’ என்று எண்ணும். வெளி வெளிச்சம் துளி நுழைந்தாலும் கணக்கு கெட்டது. அதனால் பலகைகள் இரண்டையும் கறுப்பு டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தாள்.

அந்த உச்சிக் காற்று சூடேறினாலும் குளிர்ந்தாலும் இந்த எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்கும். தரையில் உட்கார்ந்தபடியே உச்சி வானத்துக்கு நாடி பார்க்கலாம். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் குழு பல ஊர்களில் இப்படி எண்ணி, கணக்கைச் சேர்த்துக்கொண்டிருந்தது. தலைவர் அரூர்க்காரரான டாக்டர் மாயவன். ஒரு வருஷம் ஒழுங்காக எண்ணிக் காட்டினால் ஞானமேரியைக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சேர்ந்தால் அங்கேயே வேலை. இந்தக் கல்லூரிக்கு ஒரு பெரிய கும்பிடு. வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கிற கோவிந்தம்மாள் ஏரியூர்க்காரி. வந்த புதிதில் அவள், “இதுல என்னாங்க மேடம் இருக்குது?” என்று கேட்டாள்.

“உனக்குச் சொன்னா வெளங்கிடுமா? தொடாத, அவ்ளோதான்” என்றாள் ஞானமேரி. அதற்கப்புறம் கோவிந்தம்மாள் கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் கல்லூரியில் எல்லா அறையையும் திறந்து வைக்க வேண்டும் என்று சங்கர் உத்தரவு போட்டார். ஆராய்ச்சியாவது, மண்ணாங்கட்டியாவது! மிஷின் என்றால் பொட்டு வைத்தாக வேண்டும். பொரியை வாயில் போட்டுக்கொண்டு பித்தளைத் தராசைக் கும்பிடுகிற கூட்டத்தோடு நிற்க ஞானமேரிக்கு அருவருப்பாக இருந்தது. சாவியைக் கோவிந்தம்மாள் முன்னால் விட்டெறிந்து, “அந்தப் பெட்டியைத் தொட்ட, தொலைச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

தர்மபுரி பஸ் நிலையத்தில் இறங்கும்போது கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பெட்டி திறந்து கிடக்கிறது. டேப்பைக் காணோம். பலகைகள் பளிங்கு மாதிரி மின்னுகின்றன, மேலே சந்தனமும் குங்குமமும், சுற்றி சாமந்தி மாலை. டியூப் லைட் வெளிச்சத்தில் கருவியின் எண் தறிகெட்டு ஓடுகிறது. “சூடம் காட்டுனதும் எப்படி எகிறுது பாருங்கய்யா!” என்று சங்கரின் குரல். கீழே பிரின்சிபாலின் கும்பிடு போட்ட கைகள்.

“அடப் பாவிங்களா!” என்று ஞானமேரி வாய்விட்டே கத்திவிட்டாள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து நேரே ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். கோவிந்தம்மாள் சிந்திக் கிடந்த பொரியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அறிவிருக்குதா உனக்கு? தொடாதன்னு சொன்னனா இல்லையா?”

“சொன்னீங்க. பெரிய சார் வந்து, சாமி கும்பிடற எடத்துல இதென்னா எழவு வூட்டாட்டம் கறுப்பு, உரிச்சுப் போட்டுத் தொடைச்சுப் பொட்டு வெய்யின்னாரு. மேடம் தொடக்கூடாதுன்னாங்கன்னேன். ஏன்னு கேட்டாரு. நான் என்னான்னு சொல்றதுங்க?”

“தற்குறி! என் பொழப்பே போச்சு!”

அப்போது ஞானமேரியின் போன் அடித்தது. மாயவன். அவள் எண்ணுகிற கணக்கு அவ்வப்போது இணையம் வழியாக அவருக்கும் போய்க்கொண்டிருந்தது; அது எகிறியதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். நடந்ததை அவள் கொட்டித் தீர்த்தாள். தக்காளி வியாபாரி, கைநாட்டுக் கும்பல், படிப்பறிவில்லாத பொம்பளை என்று ஒருவரையும் விடவில்லை.

மாயவன் பொறுமையாகக் கேட்டார். “ஒரு நாள் கணக்கு போனா போகட்டும்மா, அதைக் கழிச்சுக்கலாம். பெட்டியைக் காப்பாத்தப் போறது அங்க தெனமும் இருக்கறவங்கதான். அவங்களுக்கு இது என்னான்னு சொல்லியிருக்கீங்களா? சொல்லாத எடம்னா நாளைக்கும் இதேதான் நடக்கும். அப்படிப்பட்ட எடத்தையும் அதை நடத்தறவங்களையும் எங்களால சேர்த்துக்க முடியாது.”

ஞானமேரி கோவிந்தம்மாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “நூறு தடவை சொல்லியிருக்கேன் சார். இதுங்களுக்கு மண்டையில ஏறினாத்தானே?”

“அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க.”

கொடுக்காமல் முடியாது. கோவிந்தம்மாள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“வணக்கங்க சார்... இல்லீங்களே, ஒண்ணுமே சொன்னதில்லீங்க. ஒருக்கா கேட்டேன், உனக்கு வெளங்காதுன்னாங்க.” ஞானமேரியின் முகத்தைப் பார்க்காமலேயே அவள் கேட்டாள். “அப்படி என்னாதாங்க சார் இருக்குது அதுல? நீங்களாவது சொல்லுங்களேன்.”

மறுமுனையில் மாயவன் சொல்ல ஆரம்பித்தார். கோவிந்தம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘உம்’ கொட்டிக் கேட்டாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இப்பக்கூட என் கையில பூந்து போவுதுங்களா!” என்று சிரித்தாள். நடுவில் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டாள்.

போனை வாங்க ஞானமேரி கையை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றாள். வெகுநேரம் பேசிவிட்டுக் கோவிந்தம்மாள், “சரிங்க சார், வெச்சிடறேன்” என்று அவளே போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எங்கிட்ட என்னா சொல்லச் சொன்னாரு?” என்று ஞானமேரி கேட்டாள்.

“உங்ககிட்டங்களா? ஒண்ணும் சொல்லலீங்க” என்று சொல்லிவிட்டு, கோவிந்தம்மாள் மிச்சப் பொரியைக் கூட்டப் போனாள்.