சுண்ணாம்பில் அவித்த சோளம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஞாபகமும் முன்போல் இல்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் கட்டியது மெக்சிக்கோப் பிள்ளையை. கனடாவில், பிறம்ரனில் ஒரே வெயர்ஹவுஸில் வேலை செய்தபோது பழகினவர்கள். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மருமகளின் தாய் முதல் முறையாக வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. சிரிப்போம், தலையாட்டுவோம். அவ்வளவுதான்.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவர் பெரிய பானையில் சோளம் அவித்து மூடி வைத்துவிட்டு மகளோடு கடைக்குப் போனார். விருந்துக்குத் தமாலே செய்யத்தான். சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, சோளமடலில் சுற்றி அவிப்பது. நம் கொழுக்கட்டைக்குச் சொந்தம் மாதிரி. நான் மூடியைத் திறந்தேன். தண்ணீர் மஞ்சளாக, வழுவழுவென்று, ஒரு மாதிரி மணந்தது. பழுதாகிவிட்டது, பாவம் அந்த மனுசி என்று நினைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு மூன்று தரம் அலசி வைத்தேன். உதவி செய்த சந்தோசம் வேறு.

திரும்பி வந்தவர் பானைக்குள் பார்த்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். அடுத்த நாள் அவ்வளவு சனம் வரப்போகிறது.

மகன்தான் விளங்கப்படுத்தினான். “அம்மா, உது சுண்ணாம்புத் தண்ணி. விடியுமட்டும் ஊறினால்தான் தோல் கழண்டு மா ஒட்டும். அவ கொண்டுவந்த சுண்ணாம்பும் முடிஞ்சுது.”

“சோளத்துக்கு ஆர் சுண்ணாம்பு போடுறது?”

“வெத்திலைக்குப் போடுற ஆள் கேக்கிறா.”

அப்போதுதான் நினைவு வந்தது. அறைக்குள் போய் என் சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் மணந்து பார்த்தார். நாக்கு நுனியில் வைத்தார். முகம் மலர்ந்தது. சோளம் மறுபடி அடுப்பில் ஏறியது.

அது கொதிக்கும்போது மருமகள், தன் தாய் சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். சோளத்தைச் சுண்ணாம்பில் அவிப்பது ஸ்பானியர் வருவதற்கு எவ்வளவோ முந்திய பழக்கமாம். பன்றியும் அரிசியும் ஸ்பானியரோடு வந்தவையாம். மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதும் அதற்குப் பிறகுதானாம்.

“மிளகாயும் எங்கட ஊர்ச் சாமான், மாமி. அங்கயிருந்துதான் உங்களிட்ட வந்தது.”

“அப்ப எங்கட ஆக்கள் முந்தி என்னத்தைப் போட்டுக் கறி வச்சவை?”

“மிளகு,” என்றான் மகன். “அதுதான் உங்களைவிடச் சாந்தமான ஆக்கள்.”

நாங்கள் சிரித்ததைப் பார்த்து, விளங்காமலே சம்பந்தியம்மாவும் சிரித்தார். எனக்கு ஒன்று தோன்றியது. கடலால் வந்த வெள்ளைக்காரர் அவர்களுக்கும் மாதா கோயில் கட்டினார்கள், நமக்கும் கட்டினார்கள். அடித்தும்தான் இருப்பார்கள். ஆனாலும் இரண்டு இடத்துச் சமையலும் சாகவில்லை.

காலையில் தோல் கழன்று வந்தது. அரைத்துக் கொழுப்புச் சேர்த்துப் பிசைந்த பிறகு, அவர் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, சிறு உருண்டை மாவை என் கையில் தந்தார். மிதந்தால் பதம் சரியாம். நான் போட்டேன். முதலில் தாழ்ந்தது. பிறகு மெல்ல மேலே வந்து நின்றது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மிளகாயைக் கொண்டுவந்தது போர்த்துக்கேயர் என்று மகன் சொன்னான் என நினைக்கிறேன். சுண்ணாம்பு எவ்வளவு போட்டோம் என்பதும் மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது இவற்றைப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.