வீட்டுக் கணக்கில் ஏறிய கால்வலி

என் சித்தி துணி வெளுக்கும் ஒரு பெரிய கம்பெனியில் வேலை செய்கிறாள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்த விரிப்பு சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வரும்போது, முனையைப் பிடித்து மடிப்பது அவள் வேலை. ஒரு முனை சித்தியிடம், மறுமுனை ரேடியோவிடம். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அந்தப் பிரிவில் இருப்பதே இந்த இரண்டு பேர்தான்.

விரிப்பு வராத இடைவெளியில் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சித்தி வருடக்கணக்காகக் கேட்டு வந்தாள். "உக்காந்தா தூக்கம் வரும்மா" என்பார் சூப்பர்வைசர்.

போன வருடம், ஊழியர்களின் அனுபவத்தை அளக்கப்போகிறோம் என்று ஆபீசில் அறிவித்தார்கள். வெளியிலிருந்து ஓர் இளைஞன் டேப்லெட்டோடு வந்தான். பாதிக் கேள்விகள் வீட்டைப் பற்றி, பாதி வேலையிடத்தைப் பற்றி. யார் பெயரும் வெளியே வராது என்றான்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுக்கா. உன் ராமாயணத்தை ஆரம்பிச்சுடாத" என்றாள் ரேடியோ.

"யாரு சொல்றா பாரு!" என்று சொல்லிவிட்டுச் சித்தி போனாள்.

"வீட்ல உடம்பு வலி ஏதாவது இருக்காம்மா?"

"அதை ஏன் கேக்கற தம்பி. வீட்டுக்குப் போய்க் கால நீட்டினா உயிர் போகுது."

"தூக்கம்?"

"அந்த வலியில எங்க தூங்கறது?"

"வேலை நேரத்துல வலி இருக்கா?"

சித்திக்குப் பொய் சொல்ல வராது. "மெஷின் ஓடறப்ப ஒண்ணும் தெரியாது தம்பி. அதைக் கவனிக்க நேரம் ஏது?"

கடைசியில் ஸ்டூல் விஷயத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அதற்கு இதில் கட்டம் இல்லையே என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

சில வாரம் கழித்து மேனேஜர் எல்லோரையும் கூட்டி, வந்த பதில்களைத் திரையில் வரைபடமாகக் காட்டினார். குறை அதிகம் என்று மடிக்கும் பிரிவு சிவப்பாக இருந்தது. "இங்க குறை வேலையிடத்துல இல்ல. வலி, தூக்கமின்மை எல்லாமே குடும்பத்துலேருந்து வருது" என்றார்.

"சார், அது இங்க நின்னு நின்னு வர்ற வலி" என்றாள் சித்தி.

"வேலை நேரத்துல வலி இல்லன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" இரண்டே பேர் உள்ள பிரிவில் யார் சொன்னது என்று கண்டுபிடிக்கப் பெயர் தேவைப்படவில்லை.

வலி உண்டாகும் இடம் வேறு, அது தெரியவரும் இடம் வேறு. கேள்விகளை எழுதியவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

அதோடு விடவில்லை. குடும்பத்துக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று சித்தப்பாவை வரச் சொன்னார்கள். சைக்கிள் ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு, கையில் கிரீஸ் போகாமல் அவர் வந்தார். மாலையில் சமைப்பவர் அவர். சித்தி படுத்ததும் கால் பிடித்துவிடுபவரும் அவர்தான். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, "மனைவிகிட்ட கொஞ்சம் அன்பா நடந்துக்குங்க. வீட்ல ஓய்வு கொடுங்க" என்றார் மேனேஜர். சித்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

தெருவுக்கு வந்ததும் சித்தப்பா கேட்டார்: "நான் உனக்கு என்ன கொடுமை பண்ணினேன்?"

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைங்க."

"பின்ன அவன் என்ன, கனவா கண்டான்?"

அன்றிலிருந்து அவர் சமைத்து மூடி வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். சித்தி தூங்கிய பிறகுதான் திரும்புகிறார். அவள் தூங்குவதில்லை, கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் இயந்திரத்தருகே வந்தார்.

"என்னம்மா, இப்ப கால்வலி எப்படி?"

இருக்கிறது என்றால் மறுபடியும் சித்தப்பாவைக் கூப்பிடுவார்கள். அவள் விரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வலியே இல்ல சார்."

"பாத்தீங்களா, கூப்பிட்டுப் பேசினதுல பலன் இருக்கு! அப்போ இனிமே ஸ்டூல் வேண்டாம்தானே?"

"வேண்டாம் சார்."